ஒட்டுசுட்டானைத் தாங்குவது எது? எழுத்து மட்டும் அட்டைக்கு உதவும் இலவச ஃபொன்ட்கள்: ஒரு மதிப்பீடு

வன்னியிலிருந்து வரும் நூலென்றால் அட்டையில் பனை, முள்வேலி, குளக்கட்டில் விழும் சூரியன் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் வேலை சுலபம் என்று நினைத்து அந்தப் பக்கம் வருகிறார்கள். படம் இருக்கும்போது அதன் பின்னால் மறைந்து கிடக்கும் பிழைகள் எல்லாம் எழுத்து மட்டும் அட்டையில் முற்றத்துக்கு வந்துவிடும். புள்ளி ஒன்று அரை மில்லிமீற்றர் தள்ளி நின்றாலும் தெரியும்.

இங்கே பார்ப்பவை எல்லாம் கூகிள் ஃபொன்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை. பாமினி என்ற பழைய அச்சக ஃபொன்ட் மட்டும் விதிவிலக்கு. அத்தளத்திலிருந்து இங்கு எடுத்தவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. அச்சிட்டு விற்கும் நூலில் தாராளமாகப் பயன்படுத்தலாம், பிடிஎஃப்பில் பொதிக்கலாம். ஃபொன்ட் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது.

சோதனைச் சொற்கள்

தளத்தில் காட்டும் மாதிரி வாக்கியத்தைப் பார்த்து அட்டைக்கு ஃபொன்ட் தேர்ந்தால் ஏமாற்றம்தான். 14 பொயின்ற்றில் அழகாக ஓடும் எழுத்து 70 பொயின்ற்றில் சட்டையில்லாமல் நிற்கும். அதனால் வன்னி நூல்களின் தலைப்பில் அடிக்கடி வரும் ஊர்ப்பெயர்களையே உரைகல்லாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வில்லங்கம்.

ஒட்டுசுட்டான்: நான்கு டகரம், மூன்று புள்ளி. டகரம் மேலே திறந்த எழுத்து, வலப்பக்கம் வெறும் வெளி. 'ட்டு' என்று வரும்போது முதல் டகரத்தின் மேல் ஒரு ஓட்டை விழும். புள்ளி அந்த ஓட்டையை நிரப்புகிறதா, தனியே மிதக்கிறதா என்பதில் ஃபொன்ட்டின் தரம் தெரிந்துவிடும்.

கிளிநொச்சி: ஐந்து எழுத்தில் மூன்றுக்கு மேலே இகர விசிறி, நான்காவதுக்கு மேலே புள்ளி. நடுவில் 'நொ' கொம்பும் காலுமாக அகன்று நிற்கும். மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோர்க்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சொல் இல்லை.

புதுக்குடியிருப்பு: ஒன்பது எழுத்து. ஐந்துக்கு உகரம். நீளமும் வால்களும் சேர்ந்த தொல்லை.

நெடுங்கேணி: இரண்டு கொம்பு, ஒற்றையும் இரட்டையும். தூரத்திலிருந்து பார்க்கும்போது நெகரத்தின் ஒற்றைக் கொம்பும் கேகாரத்தின் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலத் தெரிந்தால் அந்த ஃபொன்ட் அட்டைக்கு ஆகாது.

முல்லைத்தீவும் வற்றாப்பளையும் ஐகாரத்துக்காக. இவற்றில் இன்னொரு விடயமும் உண்டு. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கில் லை, ளை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த வடிவம். றா என்பதும் காலைத் தனியே போடாமல் ஒரே சுழியில் முடியும். வற்றாப்பளை என்ற ஒரு சொல்லிலேயே றா, ளை இரண்டும் பழைய வடிவில் வேறு. பழைய கோயில் மலர்களின் சாயல் வேண்டும் என்று கேட்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது: இந்த ஃபொன்ட்களில் தட்டினால் வருவது புதிய வடிவமே. பழைய வடிவம் வேண்டுமென்றால் எழுத்தைக் கோடாக (அவுட்லைனாக) மாற்றிக் கையால் வரைய வேண்டும். அட்டையில் இரண்டே எழுத்து என்பதால் செய்யக்கூடிய வேலைதான். நல்ல நூலுக்கு அரை நாள் செலவழிக்கலாம்.

அனெக் தமிழ்

பட்டியலில் முதலிடம் இதற்கு. மும்பை ஏக் ரைப் நிறுவனம் வெளியிட்ட அனெக் குடும்பத்தின் தமிழ் உறுப்பினர். கனம், அதாவது கோட்டுத் தடிப்பு, 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை என்று இரண்டையும் நகர்த்தலாம். கனம் மாறும் தமிழ் ஃபொன்ட் பல உண்டு. அகலமும் இவ்வளவு மாறுவது அபூர்வம். எழுத்து மட்டும் அட்டைக்கு அந்த அகல மாற்றம்தான் உயிர்.

காரணம் எளிது. ஏ5 அட்டையின் அகலம் 148 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 12 விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 124. அதற்குள் புதுக்குடியிருப்பை ஒரே வரியில் வைக்க வேண்டுமென்றால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் அட்டை காலியாகத் தெரியும். பலர் இந்த இடத்தில் எழுத்தின் இரு பக்கத்தையும் பிடித்து நெருக்குகிறார்கள். அப்படி நெருக்கினால் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் மட்டும் தடிப்பாகவே இருக்கும். தமிழ் எழுத்தில் ப, ட, ய எல்லாவற்றிலும் அடியில் ஒரு படுக்கைக் கோடு ஓடுவதால் சொல் முழுவதும் தண்டவாளம்போல் ஆகிவிடும். அனெக்கில் அகலத்தை 75க்குக் கொண்டுவந்தால் கோட்டுத் தடிப்பு அதற்கேற்பத் திருத்தப்பட்டே வருகிறது. கால்வாசி அகலம் மிச்சம். அந்த மிச்சத்தை உயரத்துக்குக் கொடுக்கலாம்.

ஒட்டுசுட்டானுக்கு எதிர்த்திசை. 'ஒட்டு' மேலே, 'சுட்டான்' கீழே என்று இரண்டு வரியாக வைத்து, மேல்வரியை விரித்து, கீழ்வரியைச் சுருக்கி இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டு வரியும் ஒரே உயரம், ஒரே கனம், வேறு அகலம். படமில்லாத அட்டைக்கு இதைவிட உறுதியான அமைப்பு கிடைப்பது கடினம். அகல வேறுபாட்டை 25 அலகுக்கு மேல் கொண்டுபோனால் இரண்டு ஃபொன்ட் கலந்ததுபோல் ஆகும். அதற்குள் நிறுத்துவது நல்லது.

குறைகள் உண்டு. 800 கனத்தில், 75 அகலத்தில் ணகரத்தின் சுழிகள் அடைபடத் தொடங்கும். கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்தென்றால் 700ஐத் தாண்டாதீர்கள். இரண்டாவது, இதன் முகம் நவீனமானது, நகரத்துக்காரத்தனம் கொஞ்சம் அதிகம். நாட்டார் பாடல் தொகுப்புக்கு வைத்தால் வங்கி விளம்பரம்போல் இருக்கும். மூன்றாவது, அனெக் குடும்பத்தில் சிங்களம் இல்லை. வவுனியா, மன்னார்ப் பக்கப் பாடசாலை மலர்களுக்கு மூன்று மொழித் தலைப்பு வேண்டிவந்தால் அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

தரவிறக்கினால் வரும் சிப் கோப்பில் கனத்தையும் அகலத்தையும் விரும்பியபடி நகர்த்தக்கூடிய வேரியபிள் ஃபொன்ட் ஒன்றும், நிலையான கனங்கள் தனித்தனிக் கோப்பாக உள்ள 'ஸ்ரற்றிக்' என்ற கோப்புறையும் இருக்கும். இல்லஸ்ரேற்றர், இன்டிசைன் புதிய பதிப்புகளிலும் இங்ஸ்கேப் 1.0க்குப் பிறகும் வேரியபிள் வேலை செய்யும். வேர்ட்டிலும் பழைய மென்பொருளிலும் நம்ப முடியாது. அங்கே ஸ்ரற்றிக் கோப்புறையில் உள்ளவற்றை நிறுவுங்கள். இரண்டையும் சேர்த்து நிறுவினால் ஒரே பெயரில் இரண்டு ஃபொன்ட் மோதிக்கொள்ளும்.

நோட்டோ செரிஃப், நோட்டோ சான்ஸ்

கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நோட்டோ செரிஃப் தமிழைத் தாண்டிப் போகத் தேவையில்லை. தடிப்பும் மெலிவும் மாறிவரும் கோடு, நிதானமான முகம். 100 முதல் 900 வரை ஒன்பது கனம். பெயர் 600இல், பிறந்த ஊரும் ஆண்டுகளும் 400இல், ஒரே நிறம், நிறைய வெற்றிடம். அவகாசமில்லாத வேலைக்கு ஏற்ற தேர்வு, யாருடைய மனதையும் புண்படுத்தாது.

மெல்லிய கோடுதான் அதன் பலவீனமும். நெகரக் கொம்பின் உட்சுழி, ஐகாரச் சுழி எல்லாம் மெலிவில் முடியும். லேசர் மெஷினில் கறுப்பு நிலத்தில் வெள்ளையாக எடுத்தால் அந்த மெலிவுகளை மை தின்றுவிடும். வெள்ளையில் கறுப்பாக 400 போதுமென்றால், கறுப்பில் வெள்ளையாக ஒரு படி கூட்டி 500 வையுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். 24 பொயின்ற்றுக்குக் கீழே கறுப்பில் வெள்ளை எழுத்தே வேண்டாம்.

நோட்டோ சான்ஸ் தமிழ் தனியாக நின்றால் சாதுவானது. அலுவலகச் சுற்றறிக்கையின் முகம். ஆனால் நோட்டோவில் சிங்களமும் உண்டு, சான்ஸ், செரிஃப் இரண்டிலும். நூற்றாண்டு மலர், பிரதேச சபை ஆண்டறிக்கை என்று தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே அட்டையில் நிற்க வேண்டிய இடத்தில் இதற்குப் போட்டியில்லை. மூன்றுக்கும் ஒரே பொயின்ற் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அச்சிட்டு அடிக்கோல் வைத்து எழுத்தின் உடல் உயரத்தை அளந்து சமப்படுத்துங்கள். நோட்டோவின் சில பதிப்புகளில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் இருப்பதில்லை. அப்போது கணினி வேறொரு ஃபொன்ட்டிலிருந்து இலக்கத்தைக் களவாக எடுத்துப் போடும். தலைப்புக்குக் கீழே வரும் ஆண்டு மட்டும் முகம் மாறி நின்றால் காரணம் அதுவே.

கட்டமரான், முக்தா மலர்

பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரான் ஒன்பது கனத்தில் வருகிறது. கோட்டுத் தடிப்பு ஏறக்குறைய ஒரே சீர். இணையத்தில் அதிகம் புழங்கிப் பழகிய முகம் என்பதால் அட்டையில் புதுமை தெரியாது, ஆனால் 800, 900 கனங்களில் நெடுங்கேணி போன்ற கொம்புச் சொல் நன்றாக நிற்கும். 100, 200 கனங்களைத் திரையில் பார்த்து மயங்க வேண்டாம், அச்சில் தலைமுடி.

முக்தா மலரும் ஏக் ரைப்பின் வேலை, 200 முதல் 800 வரை ஏழு கனம். தலைப்பைவிட முதுகிலும் பின்னட்டைக் குறிப்பிலும் இதன் பயன் அதிகம். சிறிய அளவில் தெளிவு.

பலூ தம்பி

கொழுத்த, உருண்ட, சிரிக்கும் எழுத்து. சிறுவர் பாடல், விடுகதைத் தொகுப்பு, முன்பள்ளி மலர்: எடுத்துக்கொள்ளுங்கள். வேறெதற்கும் வேண்டாம். முறிகண்டி என்று இதில் எழுதினால் பிள்ளையார் மகிழ்வாரோ என்னவோ, வழிபாட்டு நூலின் கனம் போய்விடும்.

ஒற்றைக் கனக்காரர்

இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனமும் கவிவனரும், வேறு கைகளிலிருந்து வந்த மீரா இனிமையும் ரிரோ தமிழும். முதல் மூன்றிலும் ஒரே கனம். ரிரோவில் நேரும் சரிவும் உண்டு, தடிப்பு இல்லை.

இவற்றில் எழுத்து மட்டும் அட்டைக்கு மிகவும் தகுதியானது ரிரோ. ஈய அச்சுக்கால நூல் முகத்தின் மரியாதை அதில் இருக்கிறது. வன்னி வரலாறு, அடங்காப்பற்று, பண்டாரவன்னியன் என்று பழைய செய்தி பேசும் நூலுக்கு வெள்ளைத் தாளில் கறுப்பு ரிரோ, 60 பொயின்ற்றுக்கு மேல், வேறெதுவும் இல்லாமல். அவ்வளவு போதும்.

கவிவனர் சரிந்த கையெழுத்துச் சாயல். கவிதைத் தொகுப்புக்கு எல்லோரும் கையை நீட்டுவது இதற்குத்தான், அதனாலேயே கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிறிய தலைப்புக்குப் பரவாயில்லை. ஒன்பதெழுத்துச் சொல்லைச் சாய்த்து வைத்தால் வரி முழுவதும் அட்டையிலிருந்து வலப்பக்கம் சரிந்து விழுவதுபோல் இருக்கும்.

ஒற்றைக் கன ஃபொன்ட்களில் அடிக்கடி நடக்கும் அநியாயம் ஒன்று: தடிப்பு வேண்டுமென்று 'பி' பொத்தானை அழுத்துவது. தடித்த வடிவம் ஃபொன்ட்டில் இல்லாதபோது மென்பொருள் எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பெருக்கிக் காட்டும். வெளிப்பக்கம் வளரும், சுழிகள் உள்ளே சுருங்கும், வளையப் புள்ளி என்றால் அடைபட்டுக் கரும்பொட்டாகும். தடிப்பு வேண்டுமென்றால் தடிப்பு உள்ள ஃபொன்ட்டுக்குப் போங்கள். இல்லையென்றால் அளவைக் கூட்டுங்கள்.

பாமினி

சொல்லாமல் போனால் அச்சகக்காரர் சிரிப்பார்கள். கிளிநொச்சி முதல் வவுனியா வரை அச்சகக் கொம்பியூட்டர்களில் பாமினி இன்னும் வாழ்கிறது. பழகிய கை வேகமாக ஓடும், எந்தப் பழைய மென்பொருளிலும் உடையாது. இரண்டாவது குணம் சாதாரணமானதல்ல. யூனிகோட் உடைந்து கிடக்கும் கணினியில் பாமினி வேலையை முடித்துத்தரும்.

ஆனால் அது ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ்ப் படத்தை ஒட்டிய ஏற்பாடு. ஃபொன்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக விழும், ஏனென்றால் மெய்ப்புள்ளி குந்தியிருப்பது அரைப்புள்ளி விசையில். அந்த பிடிஎஃப்பில் நூலின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அட்டையில் மட்டும், கோடாக மாற்றிய பிறகு, இதனால் நட்டமில்லை. குறை வேறிடத்தில்: கனத் தெரிவு இல்லை, பெரிதாக்கும்போது வளைவுகளில் மேடு பள்ளம் தெரியும். 48 பொயின்ற்றுக்கு மேல் வைக்கும் முன் ஒருமுறை ஏ4 தாளில் அடித்து வளைவுகளைப் பாருங்கள்.

கோர்க்கும்போது கெடுவது

இல்லஸ்ரேற்றரில் கிளிநொச்சி என்று ஒட்டினால் கொம்பு நகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? ஃபொன்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். 'பிறிபரன்ஸ்' இல் 'ரைப்' பகுதிக்குப் போய் இன்டிக் தெரிவுகளைக் காட்டும்படி குறியிட்டு, பந்திப் பலகத்தின் பட்டியலில் தென்னாசிய மொழிகளுக்கான கொம்போசரை, அதாவது எழுத்தைக் கோர்க்கும் ஏற்பாட்டை, தெரியுங்கள். இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி பரகிராஃப் கொம்போசர்'. போட்டோஷொப்பிலும் ரைப் தெரிவுகளில் அதே வேர்ல்ட் ரெடி ஏற்பாடு. இங்ஸ்கேப்பில் இந்தத் தலையிடி இல்லை. ஸ்கிறைபஸ் என்றால் 1.5 வரிசைக்குப் பிந்தியது வேண்டும்.

எழுத்திடைவெளியைக் கூட்டி விரித்து வைப்பது ஆங்கில அட்டைகளிலிருந்து வந்த பழக்கம். தமிழில் அது கையைக் கடிக்கும். சில மென்பொருள் 'நொ'வைக் கொம்பு, நகரம், கால் என்று மூன்றாகப் பிரித்து இடைவெளி போடும்; சில, எழுத்தைக் கட்டாகவே வைத்து அடுத்த எழுத்துக்கு முன் மட்டும் விடும். முதலாவதில் சொல் சிதறும், இரண்டாவதில் 'நொ' மட்டும் நெருக்கமாகவும் மற்றவை தூரமாகவும் நிற்கும். ஆயிரத்தில் 20க்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. ஒட்டுசுட்டானின் ட்டு போன்ற இடங்களில் குறைக்கத்தான் வேண்டும். ஆயிரத்தில் 15 முதல் 30 வரை கழித்துப் பாருங்கள்.

வரி உடைப்பில் மென்பொருளைவிட மனிதர்தான் அதிகம் பிழைவிடுகிறார்கள். 'முல்லைத் / தீவு' சரி. 'முல்லை / த்தீவு' கூடாது, மெய்யில் வரி தொடங்குவதில்லை. 'புதுக்குடி / யிருப்பு' இலக்கணப்படி பிரியும், ஆனால் இரண்டாவது வரி 'யிருப்பு' என்று தொடங்கி வாசகரைத் தடுக்கும். இந்தச் சொல்லுக்கு ஒற்றை வரியும் சுருங்கிய அகலமும்தான் வழி. வேறு வழியில்லாமல் இரண்டாக்கினால் மேல்வரியின் பு, து வால்களும் கீழ்வரியின் யி விசிறியும் ப் புள்ளியும் முட்டும். வரியிடைவெளியை எழுத்தளவின் 1.3 மடங்கில் தொடங்கி, முட்டாத அளவுக்கு இறக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் முட்டினால் வரி முழுவதையும் விலக்காமல் கீழ்வரியை இரண்டு மூன்று மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தினால் வால் இடுக்குக்குள் போய் இறங்கும்.

எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதும் உண்டு. நெ, டு, ங், கே, ணி என்று ஐந்து படி. கொம்பைத் தனிப்படியில் விட்ட அட்டைகளும் உலவுகின்றன. அதை வாசிக்க முடியாது.

புள்ளிக்கு மட்டும் வேறு நிறம் போடுவது பலருக்கும் பிடித்த வித்தை. பெரும்பாலும் புள்ளியும் எழுத்தும் ஒரே உருவாகப் பொதிந்திருப்பதால் தட்டச்சு நிலையில் முடியாது. கோடாக மாற்றிய பின் பிரித்தெடுக்க வேண்டும். மூன்று புள்ளி உள்ள ஒட்டுசுட்டானில் மூன்றையும் சிவப்பாக்கினால் அட்டையில் வேறு அலங்காரம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் சிவப்பாக்கினால் பிழையென்று நினைப்பார்கள்.

வேரியபிள் ஃபொன்ட்டைக் கோடாக மாற்றினால் எழுத்தின் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது தெரியும். அப்படியே விளிம்புக்கோடு போட்டால் எழுத்துக்குள்ளே கோடு ஓடும். சில அச்சக மெஷின்களில் ஏறிய இடம் வெள்ளை ஓட்டையாகவும் வரும். பாத்ஃபைண்டரில் 'யுனைட்', இங்ஸ்கேப்பில் 'யூனியன்' கொடுத்து ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள். மாற்றாத மூலக் கோப்பையும் வைத்திருங்கள். இரண்டாம் பதிப்பில் பெயரில் ஓர் எழுத்துத் திருத்தச் சொல்லி வருவார்கள்.

அச்சகத்தில்

நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டு ஓரம். முதுகின் அகலம் தாள் எண்ணிக்கையால் வரும்: 160 பக்கம் என்றால் 80 தாள், 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், ஆக 8. ஏ5 நூலின் முழு அட்டை அப்போது 148 + 8 + 148, ஓரத்தோடு 310. ஏ3 தாளில் அமரும். இரு பக்கமும் உள்ளே மடியும் 50 மில்லிமீற்றர் மடிப்பு வைத்தால் 410, ஏ3இன் 420க்குள் மூச்சுமுட்ட அமரும். 60 வைத்தால் 430. ஏ3ஐவிடச் சற்றுப் பெரிய எஸ்ஆர்ஏ3 தாளும் அதை எடுக்கும் மெஷினும் வேண்டும். மடிப்பு வேண்டுமா என்பதை எழுத்தை வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதுகு 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் எழுத்தே போட வேண்டாம், ஒட்டும்போது ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலே பெயர் முன்னட்டைக்கு வந்துவிடும். போடுவதானால் மேலிருந்து கீழாக ஓடட்டும். நூலை முகம் மேலாக வைத்தால் முதுகு நேராக வாசிக்க வரும்.

கறுப்பு நிலம் முழுவதற்கும் கறுப்பு 100 மட்டும் கொடுத்தால் ஓஃப்செட்டில் சாம்பல் கலந்து தெரியும். சயன் என்ற நீல மை 40 சேர்த்தால் ஆழம் வரும். வெள்ளை நிலத்தில் வரும் கறுப்பு எழுத்துக்கு அந்தக் கலவை வேண்டாம், கறுப்பு 100 போதும். இரண்டு பிளேற் சற்று விலகினாலும் விளிம்பில் நீலம் தெரியும். பின்னட்டை ஐஎஸ்பிஎன் பட்டைக்கும் கறுப்பு மட்டும், வெள்ளைப் பின்னணியில். நம் நாட்டு எண்கள் 978க்குப் பின் 955 அல்லது 624 என்று தொடங்கும். பட்டையின் முழு அளவு 37.29 × 25.93 மில்லிமீற்றர், 80 வீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது.

லேசர் மெஷினில் முழுக் கறுப்பு அடித்தால் முதுகு மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு வரும். மடிக்கும் முன் மடிப்பிடத்தை அழுத்திக் கோடிடலும் லமினேற்றும் கட்டாயம். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்ட்டில் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் முதுகு அலையாகும். மட் லமினேற் எழுத்து மட்டும் அட்டைக்கு அழகு, கறுப்பில் கைரேகை பதியும் என்பது விலை.

லமினேற் ஒரு பக்கம் மட்டும் என்பதால் மாரியில் உட்பக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிய, அட்டை வெளிப்பக்கமாக வளையும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் அடித்த நூல் ஐப்பசி, கார்த்திகையில் வாய் திறப்பது இதனால்தான். வெட்டியவுடன் வெளியீட்டுக்கு ஓடாமல் ஓரிரு நாள் பாரத்தின் கீழ் வைத்து, பொலித்தீனில் சுற்றிப் பெட்டியில் இறுக்கமாக அடுக்கினால் பெருமளவு தடுக்கலாம்.

கோப்பைக் கொடுக்கும்போது பிடிஎஃப்பாகக் கொடுங்கள். ஜேபெக் கொடுத்தால் 300 டிபிஐயிலும் எழுத்தின் விளிம்பு கூர்மை இழக்கும், எழுத்து மட்டும் அட்டையில் அது அப்பட்டமாகத் தெரியும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்புங்கள், அல்லது பென்ட்றைவ். அச்சுக்கு விடும் முன் முழு அளவில் ஒரு பிரதி எடுத்து, வெட்டி, அதே தடிப்புள்ள பழைய நூலொன்றில் சுற்றி, இரண்டு மீற்றர் தள்ளி வைத்து கேயின் இரட்டைக் கொம்பு தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதைக் கைபேசியில் படமெடுத்துக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். வெளியீட்டு அழைப்போடு ஊர் முழுக்கப் போகப்போவது அந்த அளவில்தான்.